மகனுக்கு, லெந்து எனும் தவக்கால நாட்களில்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அப்பா எழுதுவது. சுகமாயிருக்கிறோம். சிலுவைப்பாடுகளைப் பாடும் ஸ்டெயினரின் இசைப்படைப்பான 'குருசிபிக்சன்' ஒத்திகை நம் பாடகர் குழுவில் தொடங்கிவிட்டது. நீ இருக்கும் லண்டனில், மேரிலபோன் ஆலயத்தில்தான் 1887 பிப்ரவரி 24 அன்று அதை முதன்முதலில் பாடினார்கள். பஸ்ஸில் போகும் தூரம்தானே? ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வா. தனியாகப் போகாதே, இருவருமாகப் போங்கள்.

அதில் வரும் 'தேவன் இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்' என்ற பாடல் இன்னும் சரியாக அமையவில்லை. ஆர்கன் துணையில்லாத இடம். மெல்லத் தொடங்க வேண்டியதை மேல்குரல் பாடும் சோப்ரானோக்கள் உரக்கத் தொடங்குகிறார்கள். முடிந்தபின் ஆர்கனைத் தொட்டுப் பார்த்தால் சுருதி இறங்கியிருக்கிறது. இசை அறிந்தவர்கள் சிலர் இந்தப் படைப்பில் இனிப்பு அதிகம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் ஆர்கனிஸ்டாயிருந்த ஸ்டெயினர், சாதாரணத் திருச்சபைப் பாடகர் குழுவுக்கு ஏற்றபடி, சபையாரும் எழுந்து பாட இடையிடையே ஞானப்பாட்டுகள் வைத்து எழுதினார். அது சிறிய மனம் செய்கிற வேலையா?

இரவெல்லாம் கணினியைப் பார்க்காதே. ஸ்டெயினர் சிறுவயதிலேயே ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். மற்றக் கண்ணும் மங்கியதால் 1888இல் பேராலயப் பணியை விட்டார். கண்ணைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தொண்டையை மூடிக்கொள்.

'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்று ஆண்குரல்கள் பாடி முடித்ததும் உயர்ந்த ஆண்குரலான டெனரும் தாழ்ந்த ஆண்குரலான பேஸும் சேர்ந்து பாடும் பகுதி வருமல்லவா, அதில் டெனர் பாட இவ்வருடம் புதுப் பையன் வந்திருக்கிறான். சுரம் பிசகவில்லை. ஆனால் நீ ஒரே மூச்சில் இழுத்துப் பாடும் வரியை அவன் நடுவில் முறிக்கிறான். பேஸ் பாடும் நான் அங்கே உன் மூச்சுக்காகவே காத்திருந்து பழகியவன். இப்போதும் காத்திருந்து, ஒரு அடி பிந்திவிடுகிறேன். 'உங்கள் மகனைப் போல ஒரு டெனர் இனி கிடைப்பானா' என்று பெரியவர்கள் கேட்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தக் குரல் எங்களிடம் போனில் இரண்டு நிமிடம் தாண்டுவதில்லை.

கிறிஸ்மஸுக்குப் பிறகு மருமகளின் குரலைக் கேட்கவே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை அதிகமாயிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேரிலபோனுக்குப் போய் வா. ஞாயிறு மாலை போன் செய். இருவரும் பேசினால் அம்மாவுக்கு நிம்மதி. முடியாவிட்டால் நீ மட்டுமாவது பேசு.

அப்பா