பறக்கும் ரயிலின் சன்னலை மூடிவிடாதீர்கள்

சென்னை கடற்கரை – வேளச்சேரி ரயில் தடத்தின் வருங்காலத்தைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

தூண்களின் மேல் ஓடுவதால் பறக்கும் ரயில் என்று நாங்கள் சொல்லும் இந்த ரயிலை மெட்ரோவோடு சேர்க்கும் பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. பெட்டிக்குள்ளும் அதே பேச்சுதான். "ஏசி வரும்" என்பார் ஒருவர். "டிக்கெட்டும் ஏறும்" என்பார் எதிரே இருப்பவர். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படிக்கட்டில் நல்ல வெளிச்சம் வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு லிப்ட் வேண்டும், ராத்திரி தனியாக இறங்கும் பெண் பயமில்லாமல் தெருவுக்கு வர வேண்டும். எல்லாம் செய்யுங்கள். செய்யும்போது, எங்களிடம் இப்போதே இருக்கிற சில சந்தோஷங்களைத் தட்டிப் பறித்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய ரயில் 1997-இல் மயிலாப்பூருக்கும் 2004-இல் திருவான்மியூருக்கும் வந்தது. எங்கள் வேளச்சேரியை எட்ட 2007 ஆகிவிட்டது. அந்த வருடத்திலிருந்து நான் சீசன் டிக்கெட்காரன். மாலையில் கடற்கரை நிலையத்தில் ஏறினால் இடது பக்க சன்னலோரம்தான் என் கண் போகும். கிழக்கு அந்தப் பக்கம். கோடையில் வியர்வை ஊறிய சட்டையோடு உட்கார்ந்திருப்போம். திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று வரும்போது கடற்காற்று உள்ளே வரும். அந்த நேரத்தில் பெட்டியைப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். கைக்குழந்தைக்காரி முந்தானையைத் தளர்த்திக் குழந்தையின் முகத்தைக் காற்றுக்குக் காட்டுவாள். பணம் கொடுத்து வாங்கும் குளிர்ச்சி வேறு, இது வேறு. ஊர் கடலோரத்தில் இருக்கிறது என்பது பகல் முழுக்க அறைக்குள் வேலை செய்கிறவனுக்கு நினைவு வருவதே அந்தச் சில நிமிடங்களில்தான்.

அப்புறம் பசுமைவழிச் சாலை தாண்டினதும் அடையாறு. மழைக்காலத்தில் ஆறு நிறைந்து போகும்போது, செல்போனில் மூழ்கியிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்கி எட்டிப் பார்ப்பார்கள். பெருங்குடி தாண்டினால் பள்ளிக்கரணை சதுப்புநிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சொல்லும் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். சில மாதங்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். தினம் போகும் ஒரு பெரியவர் எனக்குக் கூழைக்கடாவையும் நாரையையும் பிரித்துக் காட்டினது இந்த சன்னல் வழியாகத்தான். கம்பிக்கு வெளியே விரலை நீட்டிக் காட்டினார்.

அதனால் என் முதல் வேண்டுகோள் இதுதான். கதவைப் பாதுகாப்பாக மூடுங்கள், அது சரி. தொங்கிக்கொண்டு போய் உயிரை விட்ட பிள்ளைகள் போதும். திறக்கிற சன்னல் உள்ள பெட்டி கொஞ்சமாவது ஓட வழியுண்டா என்று பாருங்கள்.

இருக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்ரோவில் இரண்டு சுவர்களையும் ஒட்டி நீளமாக உட்காருகிறோம். நிற்பதற்கு இடம் கிடைக்கிறது, உண்மை. பறக்கும் ரயிலில் பாதி இருக்கைகள் பாதி இருக்கைகளைப் பார்த்து இருக்கின்றன, முட்டியும் முட்டியும் இடிக்கும். இடித்ததால்தான் "தள்ளி உட்காருங்க சார்" என்று ஆரம்பித்து, மகள் கல்யாணம் வரை தெரிந்த நண்பர்கள் எனக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருவரின் வீடு எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஏறும் நிலையம் தெரியும், அது போதும்.

பூ கட்டும் அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள் என்றும் யோசியுங்கள். பூக்கடையில் உதிரிப்பூ வாங்கி, மடியில் கொட்டி, வீடு போய்ச் சேருவதற்குள் முழம் முழமாகக் கட்டிவிடுவார். அந்தப் பெட்டி முழுக்க மல்லிகை வாசம். பார்வையில்லாத ஒரு அண்ணன் கம்பியைப் பிடித்தபடி வந்து பேனாவும் அடையாள அட்டை உறையும் விற்பார். கொய்யாக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுப்பார். ரயிலுக்குள் விற்பது விதிப்படி சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஒரு அடையாள அட்டை, நிலையத்துக்குள் ஒரு மேடை, குறைந்த வாடகை என்று ஏதாவது ஏற்பாடு செய்தால் அவர்கள் பிழைப்பும் நடக்கும்.

கடைசியாக, 5 ரூபாய். இங்கே குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் அதுதான். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் தினம் இரண்டு தடவை ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலங்கரை விளக்கத்தில் இறங்கி மெரினாவுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் நாலு மடங்கானால் வேலைக்கு எப்படியாவது வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெரினா நின்றுபோகும்.

வரைபடத்தை முடிப்பதற்கு முன் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்குக் கடற்கரை நிலையத்துக்கு வாருங்கள். இடது பக்கம் சன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி பயணி ஒருவன்