செகண்ட் ஹேண்ட் பகியும் நான் பட்ட கடனும்

அன்புள்ள லெஸ்டர் அண்ணனுக்கும், மில்டன் கீன்ஸ் தம்பிக்கும், கிளப்பில் பக்கத்து மேசைப் பெரியவருக்கும் (அவருக்குத் தமிழ் தெரியாது, படித்துச் சொல்வதாக என் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்),

வணக்கம். போன வெள்ளிக்கிழமை இரவு, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கார்ப்பெட் விரித்துப் போட்ட தடத்தில், பதினான்கு வருடம் கழித்து ரிமோட் கார் ரேஸ் ஓட்டினேன். சி ஃபைனலில் (வேகத்தை வைத்துப் பிரிக்கும் இறுதிப் போட்டிகளில் மூன்றாவது) கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவருக்கு பேட்டரி வயர் கழன்றுவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வீடு திரும்பும்போது முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, "கோப்பையா குடுத்தாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள்.

2006-இல் கோவையிலிருந்து வேலைக்காக இங்கிலாந்து வந்த புதிதில், வெள்ளிக்கிழமை மாலைகளுக்குத் துணையாக இருந்தது ஒரு பி4 பகி, அதாவது மேடு பள்ளத் தடத்தில் ஓடும் சின்ன ரிமோட் கார். டீம் அசோசியேட்டட் என்ற கம்பெனியின் வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ-வீல் டிரைவ். 2011-இல் பெரியவள் பிறந்ததும் அதைப் பரணில் ஏற்றினேன். இந்த ஜனவரியில் இறக்கிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது: 40 மெகாஹெர்ட்ஸ் ரிமோட், தீப்பெட்டியில் போட்டு வைத்த, அலைவரிசை மாற்றும் கிரிஸ்டல்கள், 27 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ் மோட்டார், ஆறு செல் நிக்கல் பேட்டரி. அப்போதே எல்லோரும் லிப்போ என்ற லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். நான் கஞ்சத்தனத்தில் மாறவில்லை. புது பேட்டரி போட்டால் ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன்.

தம்பி, நீ சிரிக்காமல் இருந்ததற்கே முதல் நன்றி. என் பி4-க்கு முன்சக்கரத்தின் உள்ளேயே பேரிங் உட்காரும். இப்போது கடையில் கிடைக்கும் சக்கரங்கள் 12 மி.மீ. அறுகோணத்தில் மாட்டுபவை, இதில் ஏறாது. மோட்டாரோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. தளர்ந்த மண்ணில் அந்த எடை பின் டயரை அழுத்திப் பிடிக்கும். பிடிப்பு ஏராளமாக இருக்கும் கார்ப்பெட்டில் அந்த உதவி தேவையில்லை. வால் கனத்து, மூக்கு திரும்ப மறுக்கும். அதனால்தான் இப்போது மோட்டாரை அச்சுக்கு முன்னால் நடுவில் வைக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னாய். என் அலன் கீ செட் முழுக்க அங்குல அளவு என்பதையும் நீதான் கவனித்தாய். 5/64 அங்குலச் சாவி 2 மி.மீ. ஸ்க்ரூவில் சமர்த்தாக நுழையும். இறுக்கித் திருகும்போதுதான் வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்னும். நான் ஏற்கெனவே இரண்டைத் தின்றிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை.

அப்புறம், பி4-க்குப் பதிலாக நான் ஆசைப்பட்ட அந்த 90 பவுண்ட் செகண்ட் ஹேண்ட் வண்டி. ஒரு பகி, கூடவே இரண்டு ஷூ பெட்டி நிறைய உதிரி பாகங்கள். எனக்கோ ஆடிக் கழிவில் புடவை கண்ட மாதிரி ஆகிவிட்டது. லெஸ்டர் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உவன் இவ்வளவு சாமான் வச்சிருக்கிறான் எண்டால், அவ்வளவு உடைச்சிருக்கிறான் எண்டு அர்த்தம்." சொல்லிவிட்டு விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு நேரில் பார்க்கவும் வந்தார்.

அண்ணே, அந்தக் கால் மணி நேரத்தில் நான் கற்றதைப் பழைய ஐந்து வருடத்தில் கற்கவில்லை. பளபளப்பான பாடியை நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை மல்லாக்கப் போட்டீர்கள். அடித்தட்டின் முன் விளிம்பில் ஸ்க்ரூ தலைகள் பாதி தேய்ந்திருந்தன. பின்சக்கரத்தை இரண்டு விரலில் பிடித்து ஆட்டினீர்கள். 'டக் டக்'கென்று ஆட்டம். பிறகு ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையை மேலே தூக்கி, விட்டீர்கள். தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டியது, பாதியில் அந்தரத்தில் நின்றது. கைக்குள் ஓடும் கம்பி வளைந்திருக்கிறது என்று அர்த்தமாம். மறுபக்கமும் அதே கதை. ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு சக்கரத்தைச் சுற்றச் சொன்னீர்கள். டிஃப் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல்) உள்ளே மணல் அரைபடுவது என் விரலுக்கே தெரிந்தது. விற்பவர் முகம் கோணாதபடி கைகொடுத்து விடைபெற்று வந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. எனக்கு அந்த நாசூக்கு வராது.

திரும்பும் வழியில் காரில் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி: "உங்கட கிளப்பில என்ன ஓடுது?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி இல்லாமல், வெறுங்கையோடு போய் மேசை மேசையாக எண்ணினேன். டூ-வீல் டிரைவ் இருபத்து மூன்று. அதில் ஷூமாக்கர் கூகர் பதினொன்று, அசோசியேட்டட் பி6 வகை ஆறு, மீதி கலவை. ஷூமாக்கர் கம்பெனி இருப்பது நார்தாம்ப்டனில், எங்களுக்கு எட்டும் தூரம்தான். என் மனசோ பழைய பாசத்தில் பி6 பக்கமே சாய்ந்தது. பி6-உம் அருமையான வண்டி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் மேசைக்கு இடமும் வலமும் கூகர்காரர்கள். ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு பாகம் உடைந்தால் எந்தக் கடை திறந்திருக்கும்?

அன்றைக்குத்தான் பெரியவர் அறிமுகமானார். 1987-இல் ரோம்ஸியில் நடந்த ரிமோட் கார் உலகப் போட்டியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். ஷூமாக்கர் 'கேட்' (CAT) வண்டியில் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா ஃபோர்-வீல் டிரைவ் பட்டத்தை வென்ற கதையை அதற்குள் எனக்கு மூன்று முறை சொல்லிவிட்டார்; ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்று கொஞ்சம் நீள்கிறது. கல்லூரிக்குக் கிளம்பும் பையன் ஒருவன் தன் கூகர் லேடவுன் மாடல் வண்டியை விற்கப் போகிறான் என்று காதில் போட்டவர் அவர்தான். மோட்டார், ரிமோட் எதுவும் இல்லாமல் வெறும் வண்டி 150 பவுண்ட். நான் கேட்கும் முன்பே அந்தப் பையன், பின் பேரிங் ஒன்று கரகரக்கிறது, முன் கை ஒன்று போன மாதம் மாற்றியது என்று சொல்லிவிட்டான். அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி ஷாக்கைக் கழற்றிக் கையைத் தூக்கி விட்டேன். தொப்.

மற்றதெல்லாம் தம்பியின் பட்டியல்படியே. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் செட், பழசு. பிரஷ் இல்லாத 17.5 டர்ன் மோட்டார், அதுவும் பழசு. இதைவிடக் குறைந்த டர்ன் போட்டால் வேகம் கூடி, என் கண்ணுக்கும் கைக்கும் வண்டி அகப்படாது. டயர் எல்லோரும் போடும் அதே மஞ்சள் ரப்பர், முள் முள்ளாக இருக்கும் வகை. லிப்போ மட்டும் புதுசு. யார் எப்படி சார்ஜ் போட்டார்கள், எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று தெரியாத லிப்போவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று, தம்பி, நீ சொன்னதை என் மனைவி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டாள். வேறு வழியில்லை. சாப்பாட்டு மேசையை மூன்று வாரம் விட்டுக்கொடுத்ததற்கும், சாம்பார் டம்ளருக்குப் பக்கத்தில் ஷாக் ஆயிலைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாததற்கும் அவளுக்கும் நன்றி.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். என் இரண்டாவது ரேஸின் மூன்றாவது நிமிடம், வளைவில் பலகையில் மோதி வண்டியின் முன் இடது சஸ்பென்ஷன் கை 'டப்'பென்று போயிற்று. வண்டியை மேசையில் வைத்துவிட்டு மார்ஷல் நிற்க ஓடினேன். ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ரேஸில் கவிழும் வண்டிகளைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நம் சுற்றுக் கணக்கில் கை வைத்துவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், மேசையில் பெரியவர் தன் பெட்டியிலிருந்த புதுக் கையை மாட்டி, கடைசி ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய கையை எடுத்து, "இது உன் முதல் கோப்பை" என்று என் பெட்டியில் போட்டார்.

பெரியவரே, புதுக் கை ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடவே ஒரு டப்பா முறுக்கும் வரும், அது வீட்டிலிருந்து.

அண்ணே, உங்கள் 5.5 மி.மீ. நட் டிரைவர் என் பெட்டியில்தான் இருக்கிறது. வேறு எங்கும் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மேசைக்காரன்