கடலோரக் கழிப்பறையும் ஊரின் கட்டடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கின் சுவெட்டன்ஹம் துறையில் கப்பலை விட்டு இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது விக்டோரியா மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில், உள்ளூர்ச் செல்வந்தர் சியா சென் இயோக் தம் செலவில் எழுப்பியது. அடுத்து அவர்கள் தேடுவது கழிப்பறையை. மணிக்கூண்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது அதற்கும் வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஸ்காட்லாந்தில் பியூட் தீவில் ரோத்சே என்றொரு கடலோர ஊர். 19ஆம் நூற்றாண்டில் கோடை விடுமுறை வந்தால் கிளாஸ்கோ மக்கள் நீராவிக் கப்பல்களில் அங்கே போய்க் குவிவார்கள். இத்தனை பேர் வந்து இறங்கும் இடமாயிற்றே என்று, துறைமுக நிர்வாகம் 1899இல் படகுத்துறையிலேயே ஆண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டியது. டுவைஃபோர்ட்ஸ் நிறுவனத்தின் பீங்கான் யூரினல்கள் சுவரோரம் 14, நடுவில் வட்டமாக 6. தரையில் மொசைக்கில் ஊரின் சின்னம். மொத்தச் செலவு 530 பவுண்டு. நூறாண்டு தாண்டியும் அது புழக்கத்தில் இருக்கிறது.

அங்கே கவனிக்க வேண்டியது தலைக்கு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கங்கள் கண்ணாடி. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, அடியில் கசடு தங்கியிருக்கிறதா என்பது கீழே நிற்பவருக்கே தெரியும். தானாகக் கொட்டும் தொட்டிகளுக்கு மின்சாரம் வேண்டாம். சிறு குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிறையும். உள்ளே வளைந்த குழாயின் உச்சியைத் தாண்டியதும் முழுத் தொட்டியும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். இதில் கெடுவது பெரும்பாலும் சொட்டு விடும் குழாய்தான். அடைத்தால் நாற்றம், அதிகம் திறந்தால் வீண். 9 லிட்டர் தொட்டி 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டினால், பூட்டிக் கிடக்கும் 8 மணி நேர இரவில் மட்டும் 216 லிட்டர் சாக்கடைக்குப் போகும். பூட்டும்போது வால்வையும் மூடச் சொன்னால் போதும்.

இப்போது பொருத்தும், ஆள் வந்துபோவதை உணர்ந்து தண்ணீர் விடும் சென்சார்களுக்கு உப்புக்காற்று ஆகாது. பேட்டரி முனை பச்சை பூத்துவிடும், வால்வின் ரப்பர் சவ்வில் மணல் சிக்கும், அதோடு தண்ணீர் நிற்காமல் ஓடும். எவர்சில்வரிலும் 304 தரம் கடலோரத்தில் பழுப்பேறிப் புள்ளி விழும். 316 தரம் கேட்டு வாங்க வேண்டும். தரை, மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். வடிகாலின் வளைவில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாடை மேலே வராது. ஓரமாக உள்ள, யாரும் தண்ணீர் ஊற்றாத வடிகால் காய்ந்துவிடும்; அதில் வாரம் ஒரு வாளி ஊற்றினால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் நாற்றத்துக்கு ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆசிட் ஓடுகளின் இடையிலுள்ள சிமெண்டைத் தின்றுவிடும். அந்த இடுக்கில் ஊறிய சிறுநீரை எந்த வாசனைத் திரவமும் போக்காது.

ஆகவே அடுத்த டெண்டரில் இந்த அளவுகளையும் தரங்களையும் எழுதியே கேட்க வேண்டும். கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள் உள்ளூர்க் கடையிலேயே கிடைப்பவையாக இருக்கட்டும். 20 காசு, 50 காசு வசூலிக்கும் இடத்தில் அந்தப் பணம் முதலில் இவற்றுக்குப் போகட்டும்.

ரோத்சேயில் பெண்களுக்கென்று இடமே வைக்கவில்லை. 1994இல் புதுப்பித்தபோதுதான் சேர்த்தார்கள். நம் கடலோரத்தில் ஆண்கள் பக்கம் யூரினலும் அறைகளுமாக 6 பேருக்கு வசதி இருந்தால், பெண்கள் பக்கம் 12 அறை வேண்டும். அவற்றில் ஒன்றாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழையும் அகலத்தில், உட்புறம் பை மாட்டக் கொக்கியோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழாய்ப் பணியாளர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு