சீவாளியும் கோழிக்கூடும்

அம்பாசமுத்திரம்
ஆனி மாதம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உம்முடைய கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டுவலி தைலத்துக்குக் கட்டுப்படுகிறதா என்று நீர் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதும். இங்கே பாபநாசத்தில் அணை திறந்து நதியுண்ணிக் காலில் தண்ணீர் வந்துவிட்டது. கார் நாற்றுப் பாவியாச்சு. மேற்கே மலை மூடியே கிடக்கிறது, பொழுதுக்கும் சாரல். துணி காயவில்லை என்று வீட்டில் ஒரே பாடு. தாம்பரத்து வெயிலில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது உமக்கு ஊர் ஞாபகம் வரும். வரட்டும்.

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் கணினி படிக்கிறாளே, அவள்தான். முந்தாநாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, நீங்க லைப்ரரியிலே பார்த்த வேலையைப் பத்தி ஒரு அம்மா பேசுதா, கேக்கீளா?" என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்று பெயர். இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் இருந்தவர். கணினித் துறையில் பெண் ஒருவருக்கு ஆண்டுதோறும் கொடுக்கிற 'அதீனா' விருதை 2007-ஆம் ஆண்டில் இவருக்குக் கொடுத்தார்கள். விருது பெற்றவர் ஒரு பேருரை ஆற்ற வேண்டும். அவருக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. மாநாடு ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில். அதுவரை தாங்காது என்று தெரிந்து, மார்ச் மாதமே கேம்பிரிட்ஜில் பேச்சைப் பதிவு செய்துவிட்டார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி இறந்துபோனார். ஜூலையில் ஆள் இல்லாத மேடையில் அந்தப் பேச்சைத்தான் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

இதைப் பேத்தி முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் வேறு மாதிரித்தான் கேட்டேன். எனக்கு ஓடுகிற இங்கிலீஷ் பிடிபடாது. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடியும்போது மணி பன்னிரண்டரை.

அவர் கண்டுபிடித்ததை இப்போது உமக்குச் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு, 'இது எனக்குத் தெரியுமே' என்பீர். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நீர் தபால்காரராக மேலத்தெரு பீட் பார்த்த காலத்தில், பம்பாயிலிருந்து ஒரு மணியார்டர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 'ஆறுமுகம், மேலத்தெரு' என்று மட்டும் விலாசம். அப்பா பெயர் இல்லை, கதவு எண் இல்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு ஏழு ஆறுமுகம். போஸ்ட் மாஸ்டர் திருப்பி அனுப்பச் சொன்னார். நீர் கூப்பனைத் திருப்பிப் பார்த்தீர். 'அப்பாவுக்கு வணக்கம், நலம், நலமறிய ஆவல்' என்று எல்லாரும் எழுதுகிறதைத்தான் எழுதியிருந்தான். கடைசி வரியில் மட்டும் 'நல்ல சீவாளியா வாங்கிக்கிடுங்க' என்று இருந்தது. நாகசுரத்து முனையில் வைத்து ஊதுகிற சீவாளி வேறெந்த ஆறுமுகத்துக்கு வேண்டும்? நீர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே நாகசுரக்கார ஆறுமுகம் வீட்டு வாசலில் போய் நின்றீர். அன்று சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து இதை நீர் என்னிடம் சொன்னபோது என்ன சொன்னீர் தெரியுமா? "வணக்கமும் நலமும் எந்த வீட்டுக்கும் வழி காட்டாது வே. சீவாளிதான் காட்டும்."

இந்த அம்மா 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான். ஆயிரம் ஆவணம் இருக்கிறது, ஒருவன் நாலு சொல்லைக் கொடுத்துத் தேடுகிறான் என்றால், நாலு சொல்லுக்கும் ஒரே மதிப்பு கொடுக்கக் கூடாது. எல்லா ஆவணத்திலும் வருகிற சொல்லால் பயன் இல்லை. எவ்வளவுக்கு எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சொல்லின் எடை கூட வேண்டும். பேத்தி மடக்கைக் கணக்குப் போட்டுக் காட்டினாள். 1024 புத்தகம் என்று வைத்துக்கொள்ளும். சொல் வருகிற புத்தகங்கள் பாதி பாதியாகக் குறையக் குறைய எடை ஒவ்வொன்றாக ஏறும். அத்தனையிலும் வருகிற சொல்லுக்கு எடை 0. பாதியில், அதாவது 512-இல் வந்தால் 1. ஒரே ஒரு புத்தகத்தில் வந்தால் 10. அவ்வளவுதான் சூத்திரம். ஒரு சொல் ஒரே ஆவணத்துக்குள் எத்தனை தடவை வருகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பெருக்கி, அமெரிக்காவில் ஜெரார்ட் சால்டன் என்பவரின் கூட்டத்தார் கையாண்டார்கள். இன்றைக்கு உம் மகன் கைபேசியில் எதையாவது தேடினால், அந்தத் தேடலுக்கு அடியில் எங்கேயோ இந்தக் கணக்கின் வம்சாவளி ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு சொல்லின் எடை அந்தச் சொல்லிலேயே இல்லை, அது கிடக்கிற இடத்தில் இருக்கிறது. நம்ம ஊரில் ஒரு கடிதத்தில் 'கோரை' என்று வந்தால் நீர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவீர். பத்தமடையில் போய் அதே சொல்லை வைத்துக்கொண்டு நின்றால் எந்தக் கதவைத் தட்டுவீர்? தெரு முழுக்கப் பாய்த் தறிதானே.

அந்த அம்மாவின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1935-இல் பிறந்தவர். தாயார் நார்வேக்காரர். கல்லூரியில் படித்தது வரலாறும் தத்துவமும். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு மார்கரெட் மாஸ்டர்மன் என்ற அம்மையார் நடத்திய மொழி ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். நம்ம திவாகரம், பிங்கலம் மாதிரி இங்கிலீஷில் ரோஜே என்பவர் தொகுத்த சொற்களஞ்சியம் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு, ஒரே பொருள் தரும் சொற்களைக் கணினியால் இனம் பிரிக்க முடியுமா என்று 1964-இல் ஆய்வேடு கொடுத்தார். நிகண்டு படித்தவன் பிள்ளை நான், அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

இவ்வளவு செய்தும், கேம்பிரிட்ஜில் வெகு காலம் தற்காலிக ஒப்பந்தத்திலேயே வேலை பார்த்திருக்கிறார். பேராசிரியர் பதவி கிடைத்தது 1999-இல்தான். நான் ஒன்பது வருஷம் தொகுப்பூதியத்தில் கிடந்தவன். மாதக் கடைசியில் அடுத்த உத்தரவு வருமா என்று காத்திருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நிலையில் இருந்துகொண்டு, கணினியியல் ஆண்களிடம் மட்டும் விட்டுவிட முடியாத அளவுக்கு முக்கியமானது என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறார். பேத்தி அந்த வாசகத்தைத் தன் நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறாள்.

இனி என் மனசில் கிடந்த ஒரு முள்ளைச் சொல்கிறேன்.

நூலக அறிவியல் படிக்கும்போது எங்களுக்கு ரங்கநாதன்தான் தெய்வம். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். 1933-இல் அவர் போட்ட கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையில் ஒரு புத்தகத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்து எண் போடுவோம். அந்தச் சிந்தனையில் வளர்ந்த, ஒரு பொருளைப் பல முகமாகப் பிரித்துப் பார்க்கிற முகப்புப் பகுப்பையும், வேறு மூன்று முறைகளையும் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு என்ற ஊரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்தவர் சிரில் கிளெவர்டன். அவரும் நம்மைப் போல ஒரு நூலகர், விமானக் கல்லூரியில். 18,000 ஆவணங்களை நாலு முறையிலும் அட்டவணைப்படுத்திப் பார்த்தால், நாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விடாமல் இரண்டாம் தடவை, 1400 கட்டுரை, இருநூற்றுக்கு மேல் கேள்வி என்று வைத்துப் பார்த்தார். அதில் நிபுணர்கள் யோசித்து யோசித்து வைத்த தலைப்புகளைவிட, கட்டுரையில் கிடக்கிற வெறும் தனிச்சொற்களே நன்றாக வேலை செய்தன. அவராலேயே முதலில் நம்ப முடியவில்லையாம்.

இதைச் சில வருஷம் முன்னே எங்கேயோ படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம் நூலக அட்டவணைக் கார்டு எழுதினேன் வே. ஒரு புத்தகத்துக்கு நாலு கார்டு, மை ஊறாமல், எழுத்து சாயாமல். நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் கணினி வந்தது என்று சொல்லி, அத்தனை கார்டுகளையும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் தெரிந்து ஓடிப்போய் ஒரே ஒரு இழுப்பறையை மட்டும் கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கி வந்தேன். விவசாயப் பகுதி. அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அந்தப் பேச்சைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எழுந்து இழுப்பறையை வெளியே எடுத்தேன். நடுவில் ஓடுகிற பித்தளைக் கம்பி கறுத்துவிட்டது. கம்பியை உருவி ஒரு கார்டை எடுத்தேன். முன்பக்கம், 'வாழை - சாகுபடி - நோய் மேலாண்மை', எண், ஆசிரியர், பக்கம் எல்லாம் முறைப்படி. பின்பக்கம் பென்சிலில் சின்னதாக, 'கோழிக்கூடு வாடல். களக்காட்டுக்காரர் கேட்டது.' இப்படி ஒவ்வொரு கார்டின் முதுகிலும், வாசகர் கேட்ட சொல்லை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அதிகாரி யாரும் சொல்லிச் செய்ததில்லை. அடுத்த தடவை வேறு ஆள் அதே சொல்லில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று செய்தது. 'வாசகர் நேரத்தைக் காப்பாற்று' என்பது ரங்கநாதனின் நாலாம் விதி.

அந்த அம்மா வாழ்க்கை முழுக்க வாதாடியது அந்தப் பென்சில் எழுத்துக்காகத்தான் என்று எனக்குப் பட்டது. சொற்களை வேறொரு செயற்கைக் குறியீட்டுக்குள் திணிக்காதே, அவை இருக்கிறபடியே எடுத்துக்கொள் என்பதுதான் அவர் கட்சி. நான் மையால் எழுதிய பக்கம் தோற்றிருக்கலாம். பென்சில் பக்கம் தோற்கவில்லை. இதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நீர் பக்கத்தில் இருந்திருந்தால் எழுப்பியே சொல்லியிருப்பேன்.

காலையில் பேத்தியிடம் அந்தக் கார்டைக் காட்டினேன். அவள் உடனே லேப்டாப்பில் 'கோழிக்கூடு' என்று அடித்தாள். வந்ததெல்லாம் கோழிப் பண்ணை, கம்பிக் கூண்டு, முட்டை விலை. கோழிக்கூடு என்பது நம்ம பக்கத்து வாழை ரகம் என்று அவளுக்கே நான் சொல்ல வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளைக்கு எங்கே தெரியும்? பிறகு 'கோழிக்கூடு கன்று தார் வாடல்' என்று நாலையும் சேர்த்து அடிக்கச் சொன்னேன். வாழை வந்துவிட்டது. ஒரு சொல் தடுமாறும்போது பக்கத்துச் சொற்கள் கை கொடுக்கின்றன.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது என்றாள். வாழை, வாழையில், வாழைக்கு, வாழைத்தார் என்று நாம் எழுதுவதைக் கணினி தனித்தனிச் சொல்லாக எண்ணிவிடுமாம். ஊரெல்லாம் இருக்கிற வாழை, நாலாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் அபூர்வச் சொல் மாதிரி வேஷம் கட்டிக்கொள்ளும். எடை தப்பாகிவிடும். முதலில் உருபை வெட்டி வேரை எடுக்க வேண்டும். இங்கிலீஷில் வாலை நறுக்கினால் பெரும்பாலும் போதும். நமக்கு 'மரம்' என்பது 'மரத்தில்' ஆகும்போது அத்துச் சாரியை வந்து மகரத்தை விழுங்கிவிடுகிறது, 'ஆறு' என்பது 'ஆற்றில்' ஆகும்போது இரட்டித்துவிடுகிறது. ஆறு எண்ணா, நதியா என்ற கேள்வி வேறு. நான் நன்னூல் சூத்திரங்களைச் சொல்லச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம். அவள் என்னிடம் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசி எத்தனையோ வருஷமாயிற்று.

இப்போது அவளுக்கு ஓர் ஆசை. கட்டிலடி இழுப்பறையில் இருக்கிற கார்டுகளின் முதுகில் உள்ள சொற்களை எல்லாம் ஏற்றி, எது எந்தப் புத்தகத்துக்குப் போக வேண்டும் என்று சின்னதாக ஒரு தேடல் செய்து பார்க்க வேண்டுமாம். நேற்று ஆரம்பித்துவிட்டாள். நான் வாசிக்கிறேன், அவள் அடிக்கிறாள். அறுபது கார்டு முடிந்திருக்கிறது. பென்சில் சில இடத்தில் மங்கிப்போயிற்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.

உம்மிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பீட் பார்த்த காலத்தில் நீர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தீர். ஒரே பெயரில் இருக்கிறவர்களைப் பிரித்து அறிய, பட்டப்பெயரும் அடையாளமும் எழுதி வைத்திருப்பீர். சங்கு இசக்கி, மாடி வீட்டு இசக்கி, செக்கடி சுடலை என்று. அது பத்திரமாக இருக்கிறதா? அதில் உள்ள ஆட்களின் விவரம் எங்களுக்கு வேண்டாம், அது அவர்கள் வீட்டு விஷயம். அடையாளம் சொல்லப் பயன்பட்ட சொற்கள் மட்டும் போதும். அவற்றில் பாதி இப்போது ஊரிலேயே யாருக்கும் தெரியாது. எழுத முடியாவிட்டால் உம் மகனிடம் சொல்லிப் படம் பிடித்து அனுப்பச் சொல்லும்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வருவதாகப் போன வருஷமே சொன்னீர். இந்த வருஷமாவது நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போட்டுவிடும். பேத்தி அதுவரை இருப்பாள். சீவாளிக் கதையை உம் வாயால் கேட்க வேண்டும் என்கிறாள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
உம்ம சிவசுப்பு