பேருந்துப் பயணிகளுக்கும் ஒரே சோதனை வேண்டும்

சிங்கப்பூர், மலேசியா எல்லைப் போக்குவரத்தைக் கவனிக்கும் இரு கரை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை மாலை, 72 வயதான என் அம்மாவை உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பேருந்தில் அழைத்துப் போனேன். இரு ஊரையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான். வீடு போய்ச் சேர மூன்று மணி நேரமானது.

நெரிசலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கி ஏறுவதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. இக்கரையில் இறங்கி, வரிசையில் நின்று, கடப்பிதழைக் காட்டிவிட்டு, அடுத்த பேருந்துக்கு முண்டியடித்து ஏறினோம். ஒரு பெண் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். முட்டியை நீவிக்கொண்டு உட்கார்ந்தவர், அக்கரை வந்ததும் மறுபடி இறங்க வேண்டியிருந்தது. மறுபடி நடை, மறுபடி வரிசை. பாதி வரிசையில் முறுக்கு டின்னைத் தரையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அவனையே இங்க வரச் சொல்லுப்பா, என்னால முடியல" என்றார். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் வழியில் அம்மா சொன்ன வார்த்தை இது.

நான் கேட்பது ஒன்றுதான். இரு கரையையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் திட்டத்தில், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். அதே வசதியைப் பேருந்துப் பயணிகளுக்கும் கொடுங்கள். இதற்கு இடம் வேண்டும், சட்டம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அந்த ரயிலின் இரு நிலையங்களான உட்லண்ட்ஸ் நார்த்திலும் புக்கிட் சாகாரிலும் அதற்கெல்லாம் வழி கண்டவர்கள் நீங்கள்தானே!

திட்டப்படி 2026 இறுதியில் ரயில் ஓடும், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம் என்கிறீர்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் துவாஸில் உள்ள இரண்டாம் பாலம் வழியாக வேலைக்கு வருகிறவர்கள் அப்போதும் பேருந்தில்தான் வருவார்கள். சிங்கப்பூர்-கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்கும் இப்படித்தான் ஆசையாகக் காத்திருந்தோம். 2013இல் அறிவித்தார்கள், 2021 ஜனவரி 1ஆம் தேதி கைவிட்டதாகச் சொன்னார்கள். பெரிய திட்டங்களுக்குப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எல்லை தாண்டும் தொழிலாளியின் தூக்கத்துக்கு யார் பேசுவது?

சரி, கோபத்தில் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, பேருந்துப் பயணிகளுக்கும் ஒரே சோதனை என்று ஆக்குங்கள். உடனே முடியாது என்றால் முதியவர்கள், கர்ப்பிணிகளிலிருந்தாவது தொடங்குங்கள். அம்மா அடுத்த மாதம் அதே வழியில்தான் திரும்பி வர வேண்டும்.

பணிவுடன்,
உட்லண்ட்ஸ்வாசி ஒருவன்