எங்கள் தராசும் அதைக் கொண்டுவந்தவரும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

கடம்பூர் மலையில், காட்டிலிருந்து கடுக்காய், சீயக்காய், தேன், நெல்லி எடுத்து விற்கும் எங்கள் ஊர்க் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது, நன்றிக் கடிதத்தையும் நீயே எழுது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் நன்றி கோயம்புத்தூர் அக்காவுக்கு. முன்பெல்லாம் கடுக்காயும் சீயக்காயும் மூட்டைக் கணக்கில்தான் போகும். கட்டுவது நாங்கள், எடை சொல்வது வியாபாரி. ஈரம், தூசு என்று கழித்து, முன்பணத்தையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைப்பார். அக்கா ஒரு பழைய தராசைக் கொண்டுவந்து புளியமரத்தடியில் இறக்கினார். கட்டி வைத்திருந்த ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தோம். 40 கிலோ என்று விற்றுக்கொண்டிருந்த மூட்டை 47 காட்டியது. யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும் விரல் விட்டு வருசங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்புறம் தேன். மலைத்தேனில் தண்ணீர்ச் சத்து கூடுதல். 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கிவிடும். இது தெரியாமல் முதல் வருடம் அனுப்பிய கேன்களில் பாதி, நுரைத்து மூடி உப்பித் திரும்பி வந்தன. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, வெளிச்சத்தில் பிடித்து ஈரம் பார்க்கும் கருவியை அப்போதுதான் ஒரு தம்பி கொண்டுவந்து பழக்கினார். அடையைப் பிழியாமல், மெழுகு மூடிய அறைகளை மட்டும் சீவித் துணியில் சொட்டவிடச் சொன்னதும் அவர்தான். புழு இருக்கும் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பது மட்டும் எங்கள் தாத்தாக்கள் சொன்னது. அதில் தம்பிதான் எங்களிடம் பாடம் கேட்டார்!

நெல்லியிலும் அப்படித்தான். அவசரத்துக்குக் கிளையோடு ஒடித்துக்கொண்டிருந்தோம். "ஒடிக்கிற கையால், மரத்தை உறிஞ்சிக்கிட்டு மேலே வளருதே, அந்தப் புல்லுருவியை ஒடிங்க" என்று தாத்தா ஒருவர் திட்டித் திட்டியே பழக்கத்தை மாற்றினார்.

2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டில் கிடைப்பதை ஊராகச் சேர்ந்து எடுக்கும் சமூக உரிமை கேட்க, படிவம் நிரப்ப உதவிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. எந்தச் சரிவில் யார் தேன் எடுத்தார்கள், எங்கே சீமாறு அறுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார்கள். எழுதி வைத்தால் அந்த வாய்ச்சொல்லும் சான்றுதான் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் இது நன்றி மடலாக இருக்காது, விடுங்கள்.

விடியும் முன்னே போன் போட்டு, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லும் வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணனுக்கும், மூட்டைகளைப் பார்த்து முகம் சுளிக்காத பஸ் கண்டக்டருக்கும் நன்றி.

அக்கா, தராசுக்கு முத்திரை வைக்கும் நாள் வருகிறது. முடிந்தால் வாருங்கள். இந்த வருடத் தேனில் ஒரு பாட்டில் உங்கள் பேர் எழுதி வைத்திருக்கிறேன். ஈரம் பார்த்தாயிற்று, 19.