கல்லை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுங்கள்

விண்கற்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வியாசர்பாடியிலிருந்து வணக்கம்.

அண்மையில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு உங்களில் ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். விண்கல் தேடுவது விஞ்ஞானிகள் வேலை, தனி ஆட்கள் சேர்த்து வைப்பது திருட்டுக்குச் சமம் என்று பிள்ளைகள் முன்னால் பேசினார். நல்ல கைதட்டல். பின்வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். நான் லேத் பட்டறை நடத்துகிறவன், விண்கல் சேர்க்கிறவனும்கூட. 1947ல் ரஷ்யாவில் விழுந்த சிகோட்டே-அலின் இரும்பு விண்கல்லில் ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. பில்லோடு வாங்கியது.

தண்டையார்பேட்டைக் காயலான் கடைக்காரர் என்னிடம் கொடுத்த கல்லின் கதை உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்ததுதான். உள்ளங்கையில் அடங்கும் அளவு, அந்த அளவுக்கு மீறிய கனம், மேலே மெல்லிய கறுப்புத் தோல், உடைந்த முகத்தில் ஊசிமுனை போல அங்கங்கே மினுங்கும் உலோகம். வடசென்னையில் கறுப்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. என்னிடம் வருவதில் பெரும்பாலும் பட்டறைக் கிட்டம்தான், அதாவது உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கழிவு. கிட்டத்தை உடைத்தால் குமிழி ஓட்டைகள் தெரியும்; இதில் இல்லை. அதற்காக விண்கல்தான் என்று நான் சாதிக்கவில்லை. விண்கல் இரும்பில் நிக்கல் கலந்திருக்கும், இதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அதுவரை கல் உங்களிடமே இருக்கட்டும், எனக்கு ஒரு ரசீது கொடுங்கள் என்றுதான் கேட்டேன்.

வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்து, பதிவேட்டில் 'கல் - 1' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மாடியில் ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. கடைசி மேசையில் இருந்தவர் கல்லைத் தொடக்கூட இல்லை. "வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார். ரசீது கேட்டேன். "கல்லுக்கு யாருங்க ரசீது குடுப்பாங்க?" என்றார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எடுத்துக்கொண்டு இறங்கினேன். காவலாளி மறக்காமல் 'கல் - 1, திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது' என்று எழுதினார். அன்று அந்தக் கட்டடத்தில் முறையாக வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கல் இப்போது என் வீட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே, எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. மினுங்கிய புள்ளிகளில் சில பழுப்பாகிவிட்டன. எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் சைக்கிள் செயினே தாங்காது. விண்கல்லாக இருந்தால் அதிலுள்ள இரும்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும். நீங்கள் பார்க்கும்போது ஆராய என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தை நண்பர்கள் குழுவில் போட்ட அன்று இரவே வெளியூர் வியாபாரி ஒருவர் விலை பேசினார். முன்பணம் அனுப்பட்டுமா என்றார். ரசீதும் தருவாராம்!

அறிவியல் குழுக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அண்டார்டிகாவில் 1976 முதல் அமெரிக்கக் குழு பனிக்காட்டில் தேடி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைச் சேர்த்திருக்கிறது. 1984ல் ஆலன் ஹில்ஸில் எடுத்த, செவ்வாய் கிரகத்திலிருந்து வந்த கல்லை வைத்துத்தான் 1996ல் உயிரின் தடயமா என்று உலகமே பரபரத்தது. அந்த ஒழுங்கும், அந்தக் குளிரைத் தாங்குவதும் தனி ஆளால் முடியாது. ஆனால் சகாராவுக்கு எந்தக் குழு போய்க்கொண்டே இருக்கிறது? 'பிளாக் பியூட்டி' என்ற செவ்வாய்க் கல்லை மொராக்கோ வியாபாரியிடம் வாங்கி நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தவர் ஒரு தனியார் சேகரிப்பாளர். 440 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கான் என்ற தாதுத் துகள்கள் அதில்தான் கிடைத்தன. கனடாவில் 2000ல் டேகிஷ் ஏரியின் பனியில் விழுந்த துண்டுகளைக் கை படாமல் எடுத்து, உருகாமல் வைத்திருந்து ஒப்படைத்தவரும் உள்ளூர்க்காரர்தான். நம் குஜராத்தில் 2022ல் தியோதர் பக்கம் வேப்பமரக் கிளையில் மோதி விழுந்ததே, அந்த அரிய வகைக் கல்லையும் முதலில் பார்த்தது ஊர்மக்கள்.

தனியாரில் கெட்டது நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. நைஜரில் கிடைத்த 24 கிலோவுக்கும் அதிகமான செவ்வாய்க் கல் 2025 ஜூலையில் நியூயார்க்கில் 53 லட்சம் டாலருக்கு ஏலம் போனது; எப்படி வெளியே போனது என்று நைஜர் அரசு விசாரணையில் இறங்கியது. ஆனால் ஏலக்காரரைத் தடுக்க வழி, கல் கொண்டு வருகிறவனை விரட்டுவதா? புதிய கல்லுக்குப் பெயர் பதிவு செய்ய 20 கிராமோ மொத்த எடையில் 20 சதவீதமோ, எது குறைவோ அதை ஆய்வு நிறுவனத்தில் வைக்க வேண்டும் என்று உலக விண்கல் சங்கம் விதி வைத்திருக்கிறது. அறிவியலும் சேகரிப்பாளரும் ஒன்றாகப் பிழைக்க அதுவும் ஒரு வழி. இங்கே விழும் கல் மொத்தமும் அரசுக்கே வேண்டுமென்றால் அப்படியே ஆகட்டும். ரசீது கொடுங்கள், போதும்.

நம் ஊரில் விண்கல் என்றால் அரசு வேகமாகப் பேசிய நாளும் உண்டு. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி கல்லூரியில் ஏதோ வெடித்து ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, மறுநாளே விண்கல் என்று அறிவிப்பு வந்தது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலிருக்கிறது என்று நாசா சொன்னது. அப்புறம் அரிசியை இழுக்கும் அதிசய உலோகம் என்று ஏமாற்றும் ரைஸ் புல்லிங் கும்பல்கள். இரிடியம், வானத்திலிருந்து வந்தது, கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி எத்தனை குடும்பங்களின் நகையைக் கரைத்தார்கள்! இது விண்கல் இல்லை, வெறும் இரும்பு என்று எழுத்தில் சொல்ல ஊருக்குள் ஓர் இடம் இருந்திருந்தால் அவர்கள் பிழைப்பு பாதி படுத்திருக்கும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: சென்னையில் ஒரு மேசை, வாரத்தில் ஒரு நாள். கொண்டு வரும் கல்லை எடை போட்டு, கொடுத்தவர் பெயரும் கிடைத்த இடமும் எழுதி, ரசீது கொடுங்கள். விண்கல்லோ கிட்டமோ, ஒரு வரியில் பதில் எழுதுங்கள். விண்கல் என்றால் கண்டெடுத்தவர் பெயரையும் பதிவில் சேருங்கள். காயலான் கடைக்காரர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

ரசீதுப் புத்தகம் அச்சடிக்க நிதி ஒதுக்கீடு இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். தங்கசாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த அச்சகம் இருக்கிறது. கார்பன் தாளோடு என் செலவிலேயே கொண்டு வந்து தருகிறேன். அந்தப் புத்தகங்களுக்கும் ரசீது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடி லேத் பட்டறைக்காரன்